வாள் முளைத்துவிட்டால் ஆணா?

திண்டுக்கல்லில் மீன் வளர்ப்பவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் இந்தக் கதை எப்படியும் வந்துவிடும். தொட்டியில் இருந்த ஒரே ஆண் ஸ்வார்ட்டெயில் செத்துப்போனது. மிச்சம் இருந்ததெல்லாம் பெண். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், அவற்றில் பெரிதாக இருந்த பெண்ணுக்கு வாலின் அடியில் வாள் நீண்டிருந்தது. மற்றவற்றைத் துரத்தவும் தொடங்கிவிட்டது. கடையில் கேட்டால், "அந்த மீனு அப்படித்தான் சார், ஆண் இல்லேன்னா பொண்ணே ஆணா மாறிக்கும்" என்று பதில் வரும். இதைச் சொல்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. அவர்கள் பார்த்தது நிஜம். பார்த்ததற்குக் கொடுக்கும் விளக்கத்தைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

குட்டி போடும் மீன்களையே இந்தப் பேச்சு சுற்றி வருவதற்கு ஊர்த் தண்ணீரும் ஒரு காரணம். திண்டுக்கல் சமவெளி கடினப்பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் ஏறிய நீர். பிடித்து வைத்த வாளியின் உள்பக்கத்தைச் சுரண்டினால் வெள்ளைப் பொருக்கு உதிரும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களை இதில் இனப்பெருக்கம் செய்ய வைப்பது பெரும்பாடு. கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் நான்கும் இதே நீரில் செழித்து வளரும். மாடியில் ஒரு சிமெண்ட் தொட்டி, கொஞ்சம் பாசி, கைப்பிடித் தீவனம் இருந்தால் போதும், பெருகிக்கொண்டே போகும். தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பெருகும் மீனைத்தான் மனிதன் நாள் தவறாமல் உற்றுப் பார்க்கிறான். அப்படிப் பார்த்தவர்களின் அனுபவம் என்பதால்தான் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன்.

முதலில் சிக்கலை அவிழ்க்க வேண்டும். முட்டையோ குட்டியோ ஈன்ற பெண், விந்து தந்து தந்தையாகும் ஆணாவது ஒரு சங்கதி. பிறந்து சில நாளே ஆன குஞ்சின் பாலை மருந்தோ வெப்பமோ ஒரு பக்கம் திருப்பிவிடுவது இன்னொரு சங்கதி. உள்ளே பெண்ணாகவே இருந்துகொண்டு வெளித்தோற்றத்தில் மட்டும் ஆண் சாயல் ஏறுவது வேறு. இத்தனை நாள் பெண் என்று நாம் நினைத்திருந்தது ஆரம்பத்திலிருந்தே ஆணாக இருப்பது அதனினும் வேறு. நான்கையும் "பால் மாறிவிட்டது" என்ற ஒரே பேச்சில் அடக்கிவிடுகிறோம். இவற்றில் முதலாவது மட்டுமே முழுமையான பால் மாற்றம்.

அதைக் கடல் மீன்களில் ஐயத்துக்கு இடமில்லாமல் காண முடியும். 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தால் குழந்தைகளுக்கும் தெரிந்துவிட்ட கோமாளி மீன் கடல் சாமந்திகளுக்கு இடையே சிறு குடும்பமாக வாழும். குடும்பத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை வளராத சிறுசுகள். பெண் இறந்தால் அந்த ஆணே பெண்ணாகும். சிறுசுகளில் மூத்தது ஆணின் இடத்துக்கு வரும். ஜெர்மானிய ஆய்வாளர் ஃபிரிக்கேயும் அவர் மனைவியும் 1977இல் இதைப் பதிவு செய்தார்கள். பெரிய மீன்களின் உடலில் ஒட்டுண்ணி தின்று வாழும் துப்புரவு மீனில் மாற்றம் எதிர்த்திசையில் நடக்கிறது. ஒரு ஆணும் சில பெண்களும் உள்ள கூட்டத்தில் ஆணை எடுத்துவிட்டால் மூத்த பெண் ஆணாகும் என்று ராபர்ட்சன் 1972இல் காட்டினார். அந்தப் பெண் சில மணி நேரத்திலேயே ஆண் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கும். விந்து வருவதற்குத்தான் நாளாகும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் மீன் கடைகளுக்கு வரும் கொடுவாவே பால் மாறும் மீன்தான். பெரும்பாலான கொடுவா மூன்று நான்கு வயதில் ஆணாகப் பக்குவம் அடைந்து, ஆறேழு வயதில் பெண்ணாகிவிடும். கழிமுகத்திலும் கடலிலும் முட்டையிட்டாலும் நன்னீர்க் குளத்தில் நன்றாக வளரக்கூடியது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாக இதைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தபோது, எந்த வயதில் எந்தப் பால் என்ற கணக்கும் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. பொரிப்பகத்தில் சிறிய ஆண், பெரிய பெண் என்று தேடித்தான் ஜோடி சேர்க்க முடியும்.

பால் மாறும் மீன் இனங்கள் சுமார் 500 என்று சொல்வார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடல் மீன்கள், அதிலும் பவளப்பாறை மீன்கள். உலகின் மீன் இனங்களில் ஏறக்குறையப் பாதி நன்னீரில் வாழ்பவை என்பதை நினைத்தால் இது கவனிக்க வேண்டிய ஏற்றத்தாழ்வு. மைக்கேல் கிசெலின் 1969இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ராபர்ட் வார்னர் 1975இல் அதைக் கணக்காக விரித்தார். சிறிய உடலோடு ஒரு பாலாகவும் பெரிய உடலோடு மறு பாலாகவும் இருந்தால் அதிகச் சந்ததி கிடைக்கும் என்ற நிலை இருந்தால் பால் மாற்றம் லாபம் தரும். ஒரு பெரிய ஆண் பல பெண்களைக் காவல் காக்கும் இடத்தில், சிறிய ஆணாக இருந்து பயனில்லை. பெண்ணாகத் தொடங்கி வளர்ந்த பின் ஆணாவது நல்லது. கப்பியிலும் ஸ்வார்ட்டெயிலிலும் நிலைமை அப்படி இல்லை. சிறிய ஆணும் ஓடி ஒளிந்து இனம் சேர்ந்துவிடும். மாறுவதற்கான கட்டாயம் இங்கே பலவீனம்.

அப்படியானால் வாள் முளைத்த பெண் எது?

இந்தக் கதைக்கு விஞ்ஞான மூலமே உண்டு. எசன்பெர்க் என்பவர் 1926இல், ஸ்வார்ட்டெயிலில் முழுமையான பால் மாற்றம் நடப்பதாக ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அது மீன் வளர்ப்பு நூல்களில் ஏறி, நூல்களிலிருந்து கடைகளுக்கு இறங்கி, நூறு வருடமாக உலவுகிறது. பின்னால் வந்த மரபியலாளர்கள் இதே மீனைப் பெருமளவில் வளர்த்துப் பார்த்தபோது அந்த முழு மாற்றம் வழக்கமான நிகழ்வாக வெளிப்படவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வெளிப்பட்டது. ஸ்வார்ட்டெயில் ஆண்களில் முந்திப் பக்குவமடைபவை, பிந்திப் பக்குவமடைபவை என்று இரு வகை உண்டு. முந்தியவை சில மாதத்திலேயே வாள் வளர்த்து, சிறிய உடலோடு நின்றுவிடும். பிந்தியவை ஓராண்டை ஒட்டியும் வாள் இல்லாமல், உருண்டு திரண்ட உடலோடு, பார்வைக்கு அப்படியே பெண்ணாகத் திரியும். பக்குவம் வந்த பின் ஆணின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுவதால், தாமதமாகப் பக்குவமடையும் ஆணே பெரிய ஆண்.

இந்தத் தாமதம் மரபில் எழுதப்பட்டது. நெருங்கிய உறவான பிளாட்டி மீனில், எந்த வயதில் ஆண் பக்குவமடையும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணு இடத்தைக் கால்மனும் ஷ்ரீப்மனும் 1973இல் கண்டறிந்தார்கள். அதே ஆண்டில் போரோவ்ஸ்கி என்பவர் வேறொரு பிளாட்டி இனத்தில், தொட்டியில் ஏற்கெனவே பெரிய ஆண்கள் இருப்பது வளரும் ஆண்களின் பக்குவத்தைப் பாதிப்பதைக் காட்டினார். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய ஆண் இருக்கும்வரை அடங்கிக் கிடந்த இன்னொரு ஆண், அவன் செத்ததும் பக்குவமடைகிறது. சில வாரத்தில் வாள் நீள்கிறது. தொட்டியில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவருக்கு அது கோமாளி மீனின் கதையைப் போலவே தெரியும். மூத்தவர் போனார், அடுத்தவர் மாறினார். உண்மையில் எதுவும் மாறவில்லை. அது எப்போதும் ஆண்தான்.

"இல்லை சார், அது போன மாசம் குட்டி போட்டது" என்று மறுப்பு வரும். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் பத்துப் பதினைந்து சிவப்பு ஸ்வார்ட்டெயில் ஒன்றாகத் திரியும் தொட்டியில் நாம் பார்ப்பது குட்டிகளைத்தான். எது போட்டது என்பதைப் பார்ப்பது அரிது. தாயைத் தனியே குட்டிப் பெட்டியில் விட்டு, அதே மீனை அடையாளம் வைத்துப் பின்தொடர்ந்தவர்களின் சாட்சி மட்டுமே இங்கே எடுபடும்.

அப்படிப் பின்தொடர்ந்தும் சிலர் வாள் கண்டிருக்கிறார்கள். அதற்கு இன்னொரு விளக்கம் இருக்கிறது. வயதான பெண்ணின் சினைப்பை தேய்ந்தாலோ நோய்ப்பட்டாலோ பெண் ஹார்மோன் குறைந்து, உடலில் ஆண் அறிகுறிகள் தலைகாட்டும். கிராமத்தில் கோழி வளர்த்தவர்கள் இதை வேறு வடிவில் அறிவார்கள். கிழட்டுப் பெட்டைக்கோழி ஒன்று திடீரென்று சேவல் இறகு வளர்த்துக் கூவத் தொடங்கும். சினைப்பை கெட்டுப்போனதே அங்கும் காரணம். அந்தக் கோழியை யாரும் சேவலாக வைத்துக் குஞ்சு பொரிக்க முயல்வதில்லை. கிழட்டு ஸ்வார்ட்டெயிலுக்கு ஒரு குட்டை வாள் முளைப்பதும் இதே ரகம்.

வாளை விட நம்பகமான அடையாளம் அடித்துடுப்பு. மீனை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றைத் துடுப்பு பெண்ணுக்கு விசிறி மாதிரி விரிந்து நிற்கும். ஆணுக்கு அது குச்சி மாதிரி ஒடுங்கி, முன்னும் பின்னும் மடங்கும். விந்தைப் பெண்ணுக்குள் செலுத்தும் உறுப்பு அதுதான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது துடுப்புக்கதிர்கள் தடித்து நீண்டு அந்த வடிவம் உண்டாகிறது. பிந்திய ஆணுக்கு வாள் வருவதற்கு முன்பே இந்தத் துடுப்பு ஒடுங்கத் தொடங்கும். வாள் வந்ததும் ஆச்சரியப்படுபவர்கள் துடுப்பை அதுவரை பார்க்காதவர்கள். ஆனால் துடுப்பும் இறுதிச் சான்று ஆகாது. ஆண் ஹார்மோன் பட்டால் பெண்ணின் அடித்துடுப்பும் இதே போல் நீளும்.

இறுதிச் சான்று சந்ததிதான். அங்கும் ஒரு பொறி இருக்கிறது. கப்பி, ஸ்வார்ட்டெயில் வகைப் பெண்கள் ஒருமுறை இனம் சேர்ந்தால் அந்த விந்தை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைக்கும். ஆணே இல்லாத தொட்டியில் அடுத்தடுத்து பல முறை குட்டி போடும். பழைய ஆண் செத்தான், புதிய "ஆண்" வந்தது, மறுபடி குட்டிகள் பிறந்தன, ஆகவே புதிய ஆண்தான் தந்தை என்று முடிவு கட்டுவது எவ்வளவு இயல்பு! பிறந்தவை செத்தவனின் குட்டிகளாக இருக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரியாததால் எழுந்த பால் மாற்றக் கதைகள் ஏராளமாக இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஃபைட்டர் மீனில் குழப்பம் வேறு மாதிரி. பெண் என்று வாங்கிய ஃபைட்டர் மாதம் கழித்து நுரைக்கூடு கட்டினால், பெரும்பாலும் அது துடுப்புக் குட்டையான பிளக்காட் ரக ஆண், அல்லது வாங்கும்போது முற்றாத ஆண். ஆனால் இந்த மீனில் உண்மையான மாற்றத்துக்கும் ஆதாரம் உண்டு. நோபிளும் கும்ப்பும் 1930களிலேயே இதைத் தொட்டார்கள். லோவும் லார்கினும் 1975இல் விரிவாகச் செய்தார்கள். முதிர்ந்த பெண் ஃபைட்டரின் வயிற்றைக் கீறிச் சினைப்பையை அகற்றினார்கள். பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு அந்த இடத்தில் விந்தகம் வளர்ந்தது. அவை துடுப்பு நீண்டு, கூடு கட்டி, வேறு பெண்களோடு சேர்ந்து குஞ்சுக்குத் தந்தையாயின. இது முழுமையான மாற்றம்தான். ஆனால் அறுவைக் கத்தி இல்லாமல் வீட்டுத் தொட்டியில் நடக்கிற காரியம் இல்லை.

ஜீப்ரா டேனியோவும் அதே பாடத்தைச் சொல்கிறது. கோசி ஆற்றிலிருந்து பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் பெயர் சூட்டி விவரித்த இந்த இந்திய மீன் இன்று உலகின் ஆய்வகங்களில் எல்லாம் நீந்துகிறது. அதன் குஞ்சுகளுக்கு முதலில் இளஞ்சினைப்பை மாதிரி ஒன்று தோன்றி, பிறகு சிலவற்றில் அது கரைந்து விந்தகமாகிறது. ஜப்பானியர் தகஹாஷி 1977இல் இதைச் சொன்னார். 2013இல் அமெரிக்காவில் டிரேப்பர் குழுவினர் முதிர்ந்த பெண்களின் சினை உயிரணுக்களை அழித்தபோது அவை விந்து தரும் ஆண்களாயின. அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. உடலில் ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் அரோமட்டேஸ் என்ற நொதியை மருந்தால் தடுத்தால், முதிர்ந்த மெடாக்கா, திலேப்பியா, ஜீப்ரா மீன்களில் பெண் ஆணாகிறது என்று அவை நிறுவின. மெடாக்கா, திலேப்பியா ஆய்வின் முதல் ஆசிரியர் பிந்து பால் பிரசாந்த் என்ற இந்தியப் பெண். முதிர்ந்த மீனில் பால் முடிந்துபோன விஷயம் என்ற பழைய எண்ணம் இத்தோடு உடைந்தது. பெண்மையை ஹார்மோன் ஒவ்வொரு நாளும் தாங்கிப் பிடிக்கிறது. தாங்கலை எடுத்தால் மறுபக்கம் சாயும் திறன் உள்ளேயே இருக்கிறது. அந்தத் தாங்கல் தானாக விலகுவதில்லை என்பதுதான் சாதாரண தொட்டியின் நிலை.

யாரும் கை வைக்காமல் இயற்கையாகவே பால் மாறும் நன்னீர் மீன் உண்டா? உண்டு. சீன நெல்வயல்களின் சேற்று விலாங்கு எல்லாமே பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாகும். லியூ என்ற சீன ஆய்வாளர் 1944இல் இதை எழுதினார். ஆனால் அது வண்ணமீன் இல்லை. வண்ணமீன் தொட்டிக்கு உரிய உதாரணம் அமேசான் பகுதியின் கிரெனிக்காரா என்ற சதுரங்கக் கட்ட சிக்லிட். ஒரு ஆணும் பல பெண்களும் சேர்ந்து வாழும் இதில், ஆண் இல்லாதபோது வலுவான பெண் ஆணாவதை லாரா கார்ரூத் 2000ஆம் ஆண்டில் உறுதி செய்தார். கிசெலினும் வார்னரும் சொன்ன விதிக்கு இதன் குடும்ப வாழ்க்கை சரியாகப் பொருந்துகிறது. மென்மையான, அமிலத் தன்மையுள்ள நீர் கேட்கும் மீன் என்பதால் நம் ஊர்க் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவரை முதிர்ந்த மீன். குஞ்சுப் பருவத்துக்கு வந்தால் கதை முற்றிலும் வேறு. அதன் முக்கியமான ஓர் அத்தியாயம் எழுதப்பட்டது திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில்.

தொடக்கம் ஜப்பான். யமமோட்டோ 1953இல், மெடாக்கா குஞ்சுகளுக்குத் தீவனத்தில் ஹார்மோன் கலந்து கொடுத்து, மரபில் ஆணான மீனை முட்டையிடும் பெண்ணாக்கினார். பால் பிரியும் அந்தச் சில வாரத்துக்குள் கொடுத்தால் குரோமோசோம் சொல்வதை ஹார்மோன் வென்றுவிடும் என்று தெரிந்தது. மதுரையில் டி.ஜே. பாண்டியன், 1984இல் பட்னாகர் விருது பெற்ற உயிரியலாளர், தம் மாணவர்களோடு இந்த வழியை வெகுதூரம் எடுத்துச் சென்றார். அவர்கள் முன் இருந்தது ஒரு நடைமுறைத் தொல்லை. 1952இல் மண்டபத்துக்கு வந்து சேர்ந்த ஜிலேபிக் கெண்டை என்ற திலேப்பியா தமிழ்நாட்டுக் குளங்களை எல்லாம் நிரப்பிவிட்டது. மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, குளம் முழுக்கப் பொடி மீனாகிவிடும். ஆண் மட்டும் இருந்தால் பெருக்கமும் இல்லை, வளர்ச்சியும் அதிகம்.

குஞ்சுகளுக்கு மெத்தில் டெஸ்டோஸ்டிரோன் கலந்த தீவனம் மூன்று நான்கு வாரம் கொடுத்தால் ஏறக்குறைய எல்லாம் ஆணாகும். உலகெங்கும் கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் தின்னும் மீனுக்கு மருந்து கொடுக்காமல் அதே பலனை அடைய முடியுமா? வரதராஜும் பாண்டியனும் 1989இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் பதில் சொன்னார்கள். எக்ஸ்ஒய் குரோமோசோம் உள்ள ஆண் குஞ்சை ஹார்மோனால் பெண்ணாக்கினார்கள். அதன் முட்டைகளை, கதிர்வீச்சால் மரபுப்பொருள் அழிக்கப்பட்ட விந்தால் தூண்டி, தாயின் குரோமோசோம்களை மட்டும் இரட்டிப்பாக்கி வளர்த்தார்கள். பிறந்தவை எக்ஸ்எக்ஸ் அல்லது ஒய்ஒய். ஒய்ஒய் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு சேர்த்தால் குஞ்சு எல்லாம் எக்ஸ்ஒய் ஆண். அவை மருந்தையே பார்க்காத மீன்கள்.

ஒய்ஒய் ஆணை எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் தோற்றம் சாதாரண ஆணின் தோற்றமே. அன்று அதைக் காட்டிக்கொடுக்க எளிய மரபணுச் சோதனை கிடையாது. ஒவ்வொரு ஆணையும் தனித்தனியே பெண்ணோடு சேர்த்து, பிறந்த குஞ்சுகள் வளரும்வரை காத்திருந்து, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று எண்ணித்தான் தந்தை யார் என்று சொன்னார்கள். அதே பொறுமையோடு வண்ணமீன்களுக்கும் வந்தார்கள். கவும்புரத்தும் பாண்டியனும் 1993இல் ஒய்ஒய் பெண் கப்பியை உருவாக்கியதாக அறிவித்தார்கள். ஆண் கப்பிக்கே வண்ணமும் விலையும் என்பதால் இது வணிகத்துக்கும் பொருளுள்ள வேலை. கருப்பு மோலியில் பெண்தான் இருவகைக் குரோமோசோம் கொண்டது, அதாவது இசட்டபிள்யூ. அதில் ஜார்ஜும் பாண்டியனும் 1995இல் இசட்இசட் ஆண்களைப் பெண்களாக்கினார்கள். அந்தப் பெண்களைச் சாதாரண ஆணோடு சேர்த்தால் பிறப்பவை ஆண் மட்டுமே. அந்தக் குஞ்சுக் கணக்குதான் அவர்களின் நிரூபணம். ஃபைட்டர் குஞ்சுகளை ஆணாக்கும் ஆய்வும் இதே கூடத்திலிருந்து வந்தது. நம் பகுதியில் இதைப் பற்றிப் பேசுபவர்களில் பலருக்கு, இந்தக் கேள்வியின் மிகத் துல்லியமான விடைகளில் சில பக்கத்து ஊரில் எழுதப்பட்டவை என்பதே தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

இந்த அறிவின் கள்ளப் பிள்ளையும் சந்தையில் இருக்கிறது. முதிர்ந்த பெண் கப்பிக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தால் அது ஆணாவதில்லை. உடலில் வண்ணம் ஏறும். வண்ணம் வந்தால் விலை வரும். உலக வண்ணமீன் வணிகத்தில் இது பல காலமாகத் தெரிந்த தந்திரம். வீட்டுக்கு வந்து மருந்து நின்றதும் வண்ணம் மங்கும். பல மீன்கள் குட்டியும் போடாது. "ஆண் மறுபடி பெண்ணா மாறிடுச்சு" என்று ஒருவர் வியந்தால், அதற்குப் பின்னால் இப்படி ஒரு தீவனப் பொட்டலம் இருக்கக்கூடும். இதை நான் மோசடி என்றே சொல்வேன். மீனுக்கும் கேடு, கையுறை இல்லாமல் அந்தப் பொடியைப் பிசைகிற தொழிலாளிக்கும் கேடு.

மருந்தே இல்லாமல் குஞ்சின் பாலைச் சாய்ப்பவை வெப்பமும் நீரின் அமிலத் தன்மையும். ரோமரும் பைசன்ஹெர்ஸும் 1996இல் அபிஸ்டோகிராமா என்ற குட்டி சிக்லிட்களின் பல இனங்களில், வெப்பம் கூடினால் ஆண் குஞ்சு கூடுவதைக் காட்டினார்கள். நைல் திலேப்பியா குஞ்சுகளை 34 டிகிரிக்கு மேல் வைத்தாலும், ஜீப்ரா குஞ்சுகளை 36 டிகிரியில் வைத்தாலும் ஆண் மிகும். கிரிப் என்று கடைகளில் சொல்லும் ஆப்பிரிக்க சிக்லிட்டுக்கு அமில நீரில் ஆண் அதிகம். கடின நீரைத் தவிர்க்க ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, நாட்டு வாதுமை இலையும் போட்டு கிரிப் வளர்க்கும் ஒருவருக்கு ஒரு ஈட்டில் முழுக்க ஆணாக வந்தால் வியப்பில்லை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியின் மேல்நீர் கையைச் சுடும் ஊர் இது. குஞ்சுகளுக்கு நிழல்வலை போடாதவர்கள் ஆண் பெண் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனால் இதெல்லாம் பால் நிர்ணயம். ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிவிட்ட மீன் வெயிலில் மாறுகிறது என்பதல்ல.

கழிவுநீர் பற்றியும் திண்டுக்கல்காரர்கள் கேட்பார்கள். இங்கே தோல் ஷாப்புகளின் குரோமியமும் உப்பும் நிலத்தடி நீரில் இறங்கியது நன்கு ஆராயப்பட்ட விஷயம். பால் விஷயத்தில் பேர் போனவை வேறு கழிவுகள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காகித ஆலைக் கழிவு கலந்த எலெவன்மைல் ஓடையில், பெண் கம்பூசியா மீன்களுக்கு ஆணின் அடித்துடுப்பு வளர்ந்திருந்ததை 1980இல் ஹோவெல் குழுவினர் எழுதினார்கள். கொசு ஒழிக்க நம் கிணறுகளில் விடும் கம்பூசியாவின் சொந்தக்கார மீன் அது. பிரிட்டனின் ஆறுகளில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே, ஆண் ரோச் மீன்களின் விந்தகத்தில் முட்டைகள் இருந்ததை 1998இல் ஜாப்லிங்கும் சம்ப்டரும் வெளியிட்டார்கள். கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கனடாவில் கேரன் கிட் ஒரு ஏரியில் லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் அதே மருந்தை மூன்று கோடைகள் கலந்து பார்த்தார். சிறு மீன் ஒன்றின் கூட்டம் ஏறக்குறைய அழிந்தே போனதை 2007இல் எழுதினார். அந்த மீன்கள் பால் மாறி வாழவில்லை. எந்தப் பாலாகவும் இனம் பெருக்க முடியாமல் ஒழிந்தன.

ஆகவே ஸ்வார்ட்டெயிலுக்கு வாள் முளைத்ததைக் கண்டவர்களிடம் நான் கேட்பது ஒரு சோதனை. இதற்கு ஆய்வகம் தேவையில்லை. குட்டி போடும் தாயைத் தனித் தொட்டியில் விட்டு, குட்டி போட்ட பின் இரு பக்கமும் படம் எடுத்து, உடலின் புள்ளிகளையும் கோடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மீனை ஆண் இல்லாத தொட்டியில் தனியே வையுங்கள். பின்னால் அதற்கு அடித்துடுப்பு ஒடுங்கி வாள் வந்தால், தேதி போட்டுப் படம் எடுங்கள். இதற்கிடையே வேறொரு ஈட்டின் குட்டிகளை, துடுப்பில் ஆண் அறிகுறி தோன்றுவதற்கு முன்பே, மூன்று நான்கு வாரத்துக்குள் ஒன்றுக்கு ஒரு பாட்டில் என்று பிரித்து வளர்த்து, ஆணையே பார்க்காத பெண்களைத் தயார் செய்யுங்கள். அவை முற்றியதும் சில மாதம் காத்திருந்து, குட்டி போடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாள் வந்த மீனோடு விடுங்கள். அந்தப் பெண்கள் குட்டி போட்டால் அது எசன்பெர்க் சொன்ன முழு மாற்றத்துக்குச் சான்று. 1926இன் கட்டுரையை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கும், மீனியலாளர்களை அழைத்துக் காட்டவும் வேண்டியிருக்கும். ஆறு மாதம் ஒன்றாக வைத்தும் பிறக்கவில்லை என்றால் கையில் இருப்பது வாள் முளைத்த கிழட்டுப் பெண். முதல் தொட்டியிலேயே தனியே குட்டி போடாமல் வாள் வளர்த்தது என்றால், அது தாமதமாக வயசுக்கு வந்த ஆண்.